சிந்தசைசர்களின் ஒண்டுக்குடித்தனம்

பேரி வெர்கோ என்ற நியூசிலாந்துக்காரர் ஏறக்குறைய ஒரே மென்பொருளை மூன்று முறை எழுதினார். 1960களின் கடைசியில் ஐபிஎம் 360 கணினிக்காக 'மியூசிக் 360' எழுதினார். எந்த சுரம், எவ்வளவு நேரம், எந்த ஒலிநிறம் என்று எண்களாகக் கொடுத்தால் ஒலி அலையைக் கணக்கிட்டுத் தரும் நிரல் அது. இன்றைய மென்பொருள் சிந்தசைசர்களுக்குத் தாத்தா முறை. பிறகு அமெரிக்காவின் எம்ஐடி-க்குப் போனார். அங்கே இருந்தது பிடிபி-11 என்ற வேறு ரகக் கணினி. ஐபிஎம் இயந்திரத்தின் அசெம்பிளி மொழியில் எழுதியது அங்கே செல்லாக்காசு. ஆகவே 1970களில் மறுபடி முதலிலிருந்து தொடங்கி 'மியூசிக் 11' எழுதினார். 1986இல் மூன்றாவது முறையாக உட்கார்ந்தபோது மனிதருக்குப் புத்தி தெளிந்திருந்தது. எந்தக் கணினிக்கும் கம்பைல் செய்துகொள்ளக்கூடிய, அதாவது அதன் கட்டளைகளாக மாற்றிக்கொள்ளக்கூடிய, சி மொழியைப் பிடித்துக்கொண்டார். அந்த மென்பொருளின் பெயர் சிசவுண்ட்.

வெர்கோவுக்கு முன்பே இதில் சூடு கண்டவர் பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸ். 1957இல் ஐபிஎம் 704 கணினியில் 17 விநாடி நீளமுள்ள ஒரு சிறு இசையை ஒலிக்கவைத்து இந்தத் துறையையே தொடங்கிவைத்தவர். அவருடைய 'மியூசிக் 4' ஐபிஎம் 7094 என்ற கணினியின் மொழியில் எழுதப்பட்டது. ஆய்வகம் கணினியை மாற்றியதும் உழைப்பெல்லாம் போயிற்று. அடுத்ததை, 'மியூசிக் 5'-ஐ, ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார். ஃபோர்ட்ரான் எங்கே உண்டோ அங்கெல்லாம் அது ஓடியது.

சிசவுண்ட் இன்றும் ஓடுகிறது. ஆப்பிளின் புதிய சிப்பில் ஓடுகிறது, சில ஆயிரம் ரூபாய் ராஸ்பெரி பை அட்டையில் ஓடுகிறது, இணைய உலாவிக்குள்ளும் ஓடுகிறது. மியூசிக் 11-ஐ ஓடவைக்க வேண்டுமென்றால் பிடிபி-11 இருக்கும் அருங்காட்சியகத்தைத் தேட வேண்டும்.

இந்தப் பழங்கதைக்கு இப்போது ஒரு தேவை வந்திருக்கிறது. 2025 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு முழு ஆதரவு மேக்ஓஎஸ் 27 வரைதான். அதன் பிறகு அதில் ஒரு சிறு பகுதி மட்டும் மிஞ்சும். அதுவும், யாரும் பராமரிக்காமல் விட்டுவிட்ட பழைய விளையாட்டுகளுக்காக. யாரும் பராமரிக்காமல் விட்டுவிட்ட பழைய சிந்தசைசர்களைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வார்த்தையும் இல்லை.

விஷயம் புரிய 2020க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் ஆப்பிள் தன் கணினிகளில் இன்டெல் சிப்பைக் கைவிட்டு, எம்1 என்ற தன் சொந்த சிப்பைப் பொருத்தத் தொடங்கியது. இன்டெல் சிப்பும் எம்1 சிப்பும் வேறு வேறு கட்டளை மொழிகளைப் பேசுபவை. முன்னது எக்ஸ்86 குடும்பம். பின்னது நம் கைப்பேசிகளுக்குள் இருக்கும் ஏஆர்எம் குடும்பம். எக்ஸ்86 கட்டளைகளால் ஆன மென்பொருளை ஏஆர்எம் சிப்பிடம் நேராகக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் விளங்காது. அதற்காக நடுவில் உட்காரவைத்த துபாஷிதான் ரொசெட்டா 2. மென்பொருளை நிறுவும்போதோ முதல் முறை திறக்கும்போதோ அதன் கட்டளைகளை மொத்தமாக மாற்றி எழுதி வைத்துக்கொள்ளும். துபாஷி தேவைப்படாத மென்பொருளை, அதாவது அந்தச் சிப்பின் மொழியிலேயே கம்பைல் ஆனதை, தொழிலில் இருப்பவர்கள் 'நேட்டிவ்' என்கிறார்கள்.

நேட்டிவ் பதிப்பு விற்பவர்கள் எப்போதும் வேகத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். இதில் கொஞ்சம் கூடுதல் ஆரவாரம் உண்டு. ரொசெட்டா 2 கெட்டிக்கார மென்பொருள். முந்தைய இன்டெல் மேக்குகளில் பலவற்றைவிட, மொழிபெயர்த்து ஓட்டிய எம்1 வேகமாகவே இருந்தது. தட்டச்சு மென்பொருளோ கணக்கு மென்பொருளோ வைத்திருப்பவர் தன்னுடையது நேட்டிவா இல்லையா என்று தெரியாமலே ஐந்து ஆண்டு ஓட்டியிருப்பார். இசை மென்பொருளின் நிலைமை வேறு. அதற்கு முதல் காரணம் நேரம்.

ஒரு விநாடி ஒலிக்கு வழக்கமாக 44,100 எண்கள் வேண்டும். சிந்தசைசர் மென்பொருள் இவற்றைச் சிறுசிறு கட்டுகளாகக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. கீபோர்டில் விரல் பட்டவுடன் ஒலி வர வேண்டும் என்று நினைக்கும் கலைஞர், கட்டுக்கு 128 எண்கள் என்று அளவு வைத்துக்கொள்வார். அந்த 128 எண்களையும் கணக்கிட்டு முடிக்கக் கிடைக்கும் நேரம் 2.9 மில்லிவிநாடி. அதற்குள் எட்டு விரலுக்கு எட்டு சுரம், ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு மூன்று ஆசிலேட்டர், அதன்மேல் ஃபில்ட்டர், அதன்மேல் ரிவர்ப் என்ற எதிரொலி. ஜெர்மனியின் யூ-ஹீ நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'டீவா' போன்ற சிந்தசைசர்கள் பழைய அனலாக் சர்க்யூட்டின் நடத்தையையே ஒவ்வோர் எண்ணுக்கும் சமன்பாடாகப் போட்டுத் தீர்ப்பவை. நல்ல நல்ல கணினிகளைத் திணறடித்த பெருமை அதற்கு உண்டு. கல்யாணப் பந்தியில் பாயசம் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும் பாயசம்தான். இங்கே ஒரு மில்லிவிநாடி பிந்தினால் வந்து சேர்வது ஸ்பீக்கரில் 'டிக்' என்றொரு வெடிப்பு.

இரண்டாவது காரணம் இன்னும் பெரிது. அது குடியிருப்புப் பிரச்சினை. சிந்தசைசர் மென்பொருள்களில் பெரும்பாலானவை தனியாக ஓடுபவை அல்ல. லாஜிக் புரோ, கியூபேஸ், ஏபிள்டன் லைவ் போன்ற பெரிய மென்பொருளுக்குள் 'பிளக்-இன்' ஆகப் போய் உட்காருபவை. இது சரியான ஒண்டுக்குடித்தனம். ஒரே கூடம், ஒரே குழாயடி, ஒரே மின்சார மீட்டர். வீட்டுக்காரரின் நினைவகத்தையே குடித்தனக்காரரும் பயன்படுத்துகிறார். ரொசெட்டாவுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: ஒரு வீட்டுக்குள் ஒரு மொழிதான். வீட்டுக்காரர் நேட்டிவாக ஏஆர்எம் பேசினால், எக்ஸ்86 மட்டுமே தெரிந்த குடித்தனக்காரர் உள்ளே வர முடியாது.

2020 முதல் 2022 வரை இசைக்கலைஞர்கள் பட்ட பாடு இதுதான். லாஜிக் புரோ எம்1 வெளியான மாதத்திலேயே நேட்டிவ் ஆகிவிட்டது. ஆப்பிளின் சொந்தச் சரக்கு அல்லவா? ஏபிள்டன் லைவ் 2022 பிப்ரவரியில் 11.1 பதிப்போடும், கியூபேஸ் அதற்கடுத்த மாதம் 12ஆம் பதிப்போடும் வந்து சேர்ந்தன. வந்த பிறகும் பலர் அவற்றை ரொசெட்டா வழியாகவே திறந்துகொண்டிருந்தார்கள். ஐம்பது பிளக்-இன்களில் நாற்பத்தொன்பது நேட்டிவ் ஆகி, ஒரே ஒரு பழைய சிந்தசைசர் ஆகாமல் இருந்தால், அந்த ஒன்றுக்காக மொத்த வீடும் துபாஷியோடுதான் பேசியாக வேண்டும். பாட்டில் அந்த ஒன்றின் ஒலிதான் பல்லவிக்கு முன்னால் வருகிறது என்றால் வேறு வழி ஏது?

இதற்கு ஒரு மாற்றுவழியை ஆப்பிளே கண்டிருந்தது. லாஜிக்கில் இன்டெல் பிளக்-இன் ஒன்றைத் திறந்தால், அதைக் கொல்லைப்புறத்தில் தனி அறை போட்டுக் குடிவைத்துவிடும். அந்த அறைக்குள் ரொசெட்டா, வீட்டுக்குள் நேட்டிவ், இரண்டுக்கும் நடுவே சுவருக்கு மேலாக ஒலிக்கட்டுகள் போய் வரும். பிட்விக் என்ற ஜெர்மன் மென்பொருளும் 2021இல் 4.0 பதிப்பில் இதையே செய்தது. பிளக்-இன்களைத் தனித்தனி அறையில் வைப்பது அதன் பழைய பழக்கம் என்பதால் அதற்கு இது எளிதாயிற்று. இந்தத் தனி அறை ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு சிந்தசைசரை நேட்டிவ் ஆக்குவது என்றால் என்ன வேலை? மூலநிரலை எடுத்து, புதிய சிப்புக்கென்று மறுபடி கம்பைல் செய்தால் போதாதா? பல மென்பொருளுக்குப் போதும். சிந்தசைசருக்குப் போதாது. 2.9 மில்லிவிநாடிக் கெடுவைப் பிடிப்பதற்காக அதை எழுதியவர்கள் இன்டெல் சிப்பின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து வேலை செய்திருப்பார்கள். நான்கு எண்களை ஒரே அடியில் பெருக்கும் எஸ்எஸ்இ கட்டளைகளை நேரடியாகப் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். ஏஆர்எம் சிப்பில் அதே வேலைக்கு நியான் என்று வேறு கட்டளைத் தொகுதி. இரண்டும் நான்கு நான்காகவே பெருக்குபவை என்பதால் ஒன்றுக்கொன்று மாற்றுவது முடியாத காரியம் இல்லை. எட்டெட்டாகப் பெருக்கும் ஏவிஎக்ஸ் கட்டளைகளை நம்பி எழுதியவர்களுக்குத்தான் தலைவலி.

இன்னொரு வேடிக்கை எதிரொலியின் வாலில் இருக்கிறது. ரிவர்ப் மெல்ல மெல்ல அடங்கும்போது எண்கள் சிறுத்துக்கொண்டே போகும். தசமப்புள்ளிக்குப் பிறகு 37 சுழியங்கள் தாண்டிய நுண்ணிய எண்கள் வரை போகும். காதுக்கு அது சுத்தமான மௌனம். ஆனால் இன்டெல் சிப்புக்கு அப்படிப்பட்ட எண்களைக் கையாள்வது தனிப் பாடு. வழக்கமான கணக்கைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது சும்மா இருந்த கணினி, பாட்டு முடிந்து அமைதியான பிறகு மூச்சு வாங்கும். இதைத் தவிர்க்க, 'இவ்வளவு சிறிய எண் வந்தால் சுழியம் என்று வைத்துக்கொள்' என்று சிப்பின் ஒரு சிறு பதிவேட்டில் குறித்து வைப்பார்கள். ஏஆர்எம் சிப்பில் அந்தப் பதிவேடு வேறு, குறிக்கும் முறையும் வேறு. பழைய வரி அங்கே கம்பைல்கூட ஆகாது.

இவையாவது கம்பைல் செய்யும்போதே கண்ணில் படும். படாதது ஒன்று உண்டு. திரையில் ஒரு குமிழைத் திருப்புகிறோம். திரையைக் கவனிக்கும் பகுதி புதிய மதிப்பை ஓர் இடத்தில் எழுதிவிட்டு, 'எழுதியாயிற்று' என்று பக்கத்தில் ஒரு கொடியை உயர்த்துகிறது. ஒலியைக் கணக்கிடும் பகுதி, சிப்பின் வேறொரு கோரில், அதாவது வேறொரு கணக்கிடும் அலகில், இருந்தபடி, கொடியைப் பார்த்ததும் மதிப்பை எடுத்துக்கொள்கிறது. இன்டெல் சிப்பில் முதலில் எழுதியது முதலில்தான் தெரியும். ஏஆர்எம் சிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மதிப்பு வந்து சேரும் முன்பே கொடி தெரிந்துவிடலாம். முறைப்படி எழுதியிருந்தால் இரண்டிலும் சரியாக ஓடும். ஆனால் முறை தவறி எழுதிய நிரல்கூட இன்டெல்லில் பத்து ஆண்டுகள் ஒரு குறையும் தெரியாமல் ஓடியிருக்கும். இங்கே வந்ததும், ஆயிரத்தில் ஒரு முறை, எப்போது என்று சொல்ல முடியாமல், ஒலி துள்ளும். ரொசெட்டாவில் ஓடும்போது இதுவும் தெரியாது. ஏனென்றால் மொழிபெயர்த்த நிரலுக்காக மட்டும் இன்டெல்லைப் போலவே வரிசை மாறாமல் நடந்துகொள்ளும் ஒரு முறையை ஆப்பிள் தன் சிப்பிலேயே செதுக்கி வைத்திருக்கிறது. நேட்டிவ் ஆக்கிய பிறகுதான் பழைய பிழை வெளியே வருகிறது. வாங்கியவர் என்ன நினைப்பார்? 'பழையது நன்றாக இருந்தது, புதுப்பித்துக் கெடுத்துவிட்டார்கள்' என்பார்.

இதோடு சிப்பிலேயே இரண்டு வகைக் கோர்கள் வேறு. முதல் எம்1இல் நான்கு வேகமான கோர்கள், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நிதானமான கோர்கள் நான்கு. கெடு வைத்து ஓடும் ஒலிவேலை தவறுதலாக நிதானக் கோருக்குப் போய்விட்டால் 'டிக்'. 'இந்த வேலைகள் எல்லாம் ஒரே கெடுவுக்குக் கட்டுப்பட்டவை' என்று இயங்குதளத்திடம் சொல்ல ஆப்பிள் ஒரு புதிய வழி கொடுத்தது. அதையும் நிரலாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆக, உழைப்பு உண்டு. உழைக்க ஆள் இல்லாத கருவிக்கு என்ன ஆகும்?

பிரையன் கிளெவிஞ்சர் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய 'அப்சின்த்' இதற்கு நல்ல உதாரணம். அலையலையாக உருமாறிக்கொண்டே போகும் நீண்ட ஒலிகளுக்குப் பேர்போனது. திரைப்படப் பின்னணி இசைக்காரர்களுக்குப் பிடித்த கருவி. அதை விற்றுவந்த நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2022இல் விற்பனையை நிறுத்தியது. ஆப்பிளின் புதிய சிப்புக்கான நேட்டிவ் பதிப்பு அப்போது அதற்கு இல்லை. நிறுவனத்தின் பெயரிலேயே 'நேட்டிவ்' இருப்பதைப் பார்த்துச் சிலர் கசப்போடு சிரித்திருக்கக்கூடும். 2025இன் இறுதியில் கிளெவிஞ்சரின் பங்களிப்போடு அப்சின்த் 6 வந்தது. நல்லதுதான். ஆனால் இடைப்பட்ட மூன்று ஆண்டுகள், அந்தக் கருவியைக் காசு கொடுத்து வாங்கிப் புதிய மேக்கில் ஓட்டியவர் அனைவரும் ரொசெட்டாவின் தயவில் இருந்தார்கள். உருவாக்கியவர் உயிரோடும் உற்சாகத்தோடும் இருந்து, நிறுவனமும் மனம் மாறினால்தான் இப்படித் திரும்பி வரும். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

எதிர்த்திசையில் போனது 'சர்ஜ்'. கிளாஸ் யோஹான்சன் என்பவர் தன் வெம்பர் ஆடியோ என்ற சிறு நிறுவனத்தின் மூலம் விற்றுவந்த சிந்தசைசர். தொடர்ந்து மேம்படுத்த நேரமில்லாமல் போன நிலையில், 2018இல் மூலநிரல் முழுவதையும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்துவிட்டார். தன்னார்வலர்கள் வந்து சேர்ந்தார்கள். சர்ஜ் உள்ளே முழுக்க எஸ்எஸ்இ கட்டளைகள்தான். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி எழுதாமல், எஸ்எஸ்இ கட்டளையைக் கேட்டால் நியான் கட்டளையாகத் திருப்பித் தரும் 'சிம்டி எவரிவேர்' என்ற, அதுவும் திறந்த மூலமான, ஒரு தொகுப்பைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று சர்ஜ் எக்ஸ்டி ஆப்பிள் சிப்பில் நேட்டிவ். ராஸ்பெரி பையிலும் ஓடுகிறது. விலை கிடையாது. முதலாளி கைவிட்ட கருவிதான் இது என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னும் சுவாரசியமானது 'டெக்ஸ்ட்' என்ற இலவச மென்பொருளின் பயணம். யமஹா 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 கீபோர்டின் ஒலியை அப்படியே எழுப்புவது அது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் கண்டுபிடித்த எஃப்எம் என்ற ஒலியாக்க முறையை யமஹா உரிமம் வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்த கருவிதான் டிஎக்ஸ்7. டெக்ஸ்டின் இதயமாக இருக்கும் கணக்கு நிரல் முதலில் எழுதப்பட்டது ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்காக. ராஃப் லெவியன் கூகுளில் இருந்தபோது எழுதித் திறந்துவிட்டது. கைப்பேசி என்றால் ஏஆர்எம். அதாவது ஏஆர்எம் சிப்பில் பிறந்து, இன்டெல் கணினிக்குப் போய், மறுபடி ஏஆர்எம்முக்கே திரும்பிய நிரல் அது. இப்போது 'மினிடெக்ஸ்ட்' என்ற திட்டம் அதை ராஸ்பெரி பை அட்டையில், இயங்குதளம்கூட இல்லாமல் நேரடியாக ஓட்டி, எட்டு டிஎக்ஸ்7களை ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்கிறது. அசல் டிஎக்ஸ்7 ஒவ்வொன்றும் ஒரு மேசையை அடைத்துக்கொண்டது என்பதை நினைத்தால் கொஞ்சம் மலைப்பாக இருக்கும்.

விசிவி ரேக் என்ற மாட்யுலர் சிந்தசைசர் மென்பொருளில் திறந்த நிரல், மூடிய நிரல் என்ற இரண்டு நிலைகளையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். அதற்குப் பலர் தனித்தனியே மாட்யூல்கள் செய்திருக்கிறார்கள். ஆப்பிள் சிப்புக்கு அது மாறியபோது, மூலநிரல் திறந்திருந்த மாட்யூல்களை விசிவி தானே எடுத்துக் கம்பைல் செய்துகொண்டது. மூடிய மாட்யூல்களுக்கு அவற்றைச் செய்தவர்தான் வர வேண்டும்.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சிந்தசைசர் மென்பொருளை வாங்குபவர் ஒரு முறைதான் காசு கொடுக்கிறார். 2005இல் வாங்கியவர் 2025 சிப்புக்கும் இலவசமாகப் பதிப்பு கேட்கிறார். நாதஸ்வரம் செய்து கொடுத்த ஆசாரியிடம் இருபது ஆண்டு கழித்து யாரும் போய், 'மண்டபத்தை மாற்றிவிட்டோம், இதற்கும் ஒத்துப்போகிற மாதிரி மாற்றிக் கொடுங்கள்' என்று கேட்பதில்லை. மூலநிரலைத் திறந்துவிடலாம் என்றால், அதில் பாதி வேறு நிறுவனங்களிடம் உரிமம் வாங்கிச் சேர்த்ததாக இருக்கும். திருட்டைத் தடுக்கும் பூட்டு மென்பொருள் இன்னொருவருடையது. பூட்டுக்காரர் புதிய சிப்புக்கு மாறும்வரை கருவிக்காரர் காத்திருக்க வேண்டும். விஎஸ்டி 2 என்ற பழைய பிளக்-இன் முறையில் செய்தவர்களுக்கு இன்னொரு அடி. அதை உருவாக்கிய ஸ்டைன்பர்க் நிறுவனமே கைகழுவியது. ஆப்பிள் சிப்பில் நேட்டிவாக ஓடும் கியூபேஸ் அவற்றை ஏற்பதில்லை. கம்பைல் செய்து கொண்டுவந்தாலும் வாசலில் நிறுத்திவிடும்.

இவ்வளவு நியாயங்களையும் ஒப்புக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சிப்பை மாற்ற முடிவெடுத்தது கருவி செய்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. 2006இல் ஆப்பிள் பவர்பிசி சிப்பிலிருந்து இன்டெல்லுக்கு மாறியபோது முதல் ரொசெட்டாவைக் கொடுத்தது, 2011இல் எடுத்துவிட்டது. 2019இல் 32 பிட் மென்பொருள்களை ஒரே நாளில் செல்லாதவை ஆக்கியது. இப்போது இரண்டாவது ரொசெட்டா. ஒவ்வொரு முறையும் வேகமான கணினி கிடைத்தது உண்மை. ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறைக் கருவிகள் ஊமையானதும் உண்மை.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது, இன்டெல் மென்பொருள் நம்பியிருக்கும் இயங்குதளத் தொகுப்புகள் அத்தனைக்கும் இன்டெல் பிரதி ஒன்றை வைத்துப் பராமரிக்க வேண்டும்; செலவு அங்கேதான். ஆனால் பழைய விளையாட்டுகளுக்காக அதில் ஒரு பகுதியை வைத்துக்கொள்ள ஆப்பிள் முன்வந்திருக்கிறது. சிந்தசைசர் பிளக்-இன் அப்படியொன்றும் பெரிய சாப்பாட்டுராமன் இல்லை. எண்களை வாங்கி எண்களைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு சிறு சன்னலைத் திரையில் வரைவதும்தான் அதன் வேலை. முன்னே சொன்ன கொல்லைப்புறத் தனி அறை ஏற்கெனவே கட்டியிருக்கிறது. அந்த ஓர் அறையை மட்டும் இடிக்காமல் விட்டுவைக்கும்படி இசைக்கலைஞர்களும் ஸ்டூடியோக்காரர்களும் ஆப்பிளிடம் உரக்கக் கேட்க வேண்டும். விளையாட்டுக்குக் காட்டும் கருணையை இசைக்கருவிக்குக் காட்டமாட்டேன் என்று சொல்ல ஆப்பிளுக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

விண்டோஸ் உலகம் இந்த வீட்டுப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. ஏஆர்எம்64இசி என்ற முறையை 2021இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன்படி எழுதிய மென்பொருளுக்குள், நேட்டிவ் ஏஆர்எம் நிரலும் பழைய இன்டெல் நிரலும் ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருக்கலாம். பழைய பிளக்-இன்களை வெளியேற்றாமலே வீட்டுக்காரர் புதிய மொழிக்கு மாறிக்கொள்ளலாம். 2024இல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் பொருத்திய மடிக்கணினிகள் வந்த பிறகு இது ஏட்டுச் சுரைக்காய் நிலையைத் தாண்டியது. அங்கே இடறுவது வேறிடம். மைக்கும் ஸ்பீக்கரும் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவரை மொழிபெயர்த்து ஓட்ட முடியாது. அது நேட்டிவாகவே வேண்டும். இதற்காக மைக்ரோசாஃப்ட், யமஹாவோடும் குவால்காமோடும் சேர்ந்து விண்டோஸோடு வரும் பொது டிரைவர் ஒன்றைச் செய்யும் வேலையில் இறங்கியது. பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதாக விண்டோஸைக் கேலி செய்வது வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் அந்த அழுகைக்கு அர்த்தம் இருக்கிறது.

இந்தப் பிரச்சினை நம் பாட்டுகளையும் தொடும். தமிழ்ப் பட இசைத் தொகுப்புகளில் 'கீபோர்டு புரோகிராமிங்' என்று தனியே ஒரு பெயர் வரும். பாட்டின் அடித்தளமாக ஓடும் பாஸ், பின்னால் மெல்லப் படரும் பேட், இடையிடையே வரும் மணியொலி எல்லாம் அவர் கையில். அவற்றில் பல மென்பொருள் சிந்தசைசர்களில் பிறந்தவை. ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து வைத்த செஷனில் அந்த ஒலி இருக்காது. 'இந்த சிந்தசைசரைத் திறந்து, இந்தக் குமிழ்களை இப்படி வைத்து, இந்த சுரங்களை வாசி' என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். சிந்தசைசர் திறக்காவிட்டால் குறிப்பு இருந்து பயனில்லை. முடிந்த பாட்டின் கலவை கையில் இருக்கும். ஆனால் பத்து ஆண்டு கழித்து அதே பாட்டைப் புதிய சரவுண்ட் முறையில் கலக்கவோ, கச்சேரி மேடைக்குப் பிரித்துக் கொடுக்கவோ கேட்டால் தனித்தனி டிராக் வேண்டும்.

சௌனிங்குக்கே இது நேர்ந்தது. அவர் 1977இல் ஸ்டான்ஃபோர்டின் பிடிபி-10 கணினியில் உருவாக்கிய 'ஸ்ட்ரியா' கணினி இசையின் பெரும் படைப்புகளில் ஒன்று. அந்தக் கணினி போன பிறகு மிஞ்சியவை ஒலிப்பதிவுகளும் நிரல் ஆவணங்களும். அந்த ஆவணங்களைப் படித்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரியாவை மறுபடி கட்டியெழுப்பிய விவரங்கள் 2007இல் 'கம்ப்யூட்டர் மியூசிக் ஜர்னல்' இதழில் வந்தன. முப்பது ஆண்டு கழித்து அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், மூலநிரல் படிக்கக் கிடைத்தது. இன்று கடையில் விற்கும் பெரும்பாலான சிந்தசைசர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு கருவியை நிறுத்துவதாக அறிவிக்கும் நிறுவனம், தன்னால் திறக்க முடிந்த பகுதியையாவது திறந்துவிட வேண்டும். பூட்டை நீக்கி, ஒலியைக் கணக்கிடும் பகுதியை மட்டும் கொடுத்தால்கூடப் போதும். திரையைத் தன்னார்வலர்கள் வரைந்துகொள்வார்கள். சர்ஜில் நடந்தது அதற்குச் சாட்சி.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். மேக் வைத்திருக்கும் கலைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, தன் பாட்டுகளில் எந்தெந்தக் கருவி இன்னும் நேட்டிவ் ஆகவில்லை என்று பட்டியல் எடுத்துவிடலாம். கணினியின் 'ஆக்டிவிட்டி மானிட்டர்' சன்னலில், ஓடும் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது ஆப்பிளா இன்டெல்லா என்று எழுதியிருக்கும். லாஜிக்கை நேட்டிவாகத் திறந்து, பழைய செஷனை ஓடவிட்டுப் பார்த்தால், கொல்லைப்புற அறையில் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்துபோகும். அவர்களுடைய டிராக்குகளை இப்போதே ஒலிக்கோப்பாக எடுத்துவிட வேண்டும்: ரிவர்ப் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. சுரக் குறிப்புகள் அடங்கிய மிடி கோப்பைத் தனியே சேமித்து, குமிழ்கள் இருக்கும் நிலையை ஸ்க்ரீன்ஷாட்டாக எடுத்துக்கூட வைக்கலாம். நாளை வேறொரு சிந்தசைசரில் அந்த ஒலியைத் திரும்பப் பிடிக்க உதவும். நான்கு நிமிடப் பாட்டின் ஒரு ஸ்டீரியோ டிராக்கை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் சுமார் 70 எம்பி வரும். பத்து டிராக்குக்கு இரண்டிரண்டு பிரதி எடுத்தாலும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும்.